வன்னியிலிருந்து அமெரிக்கக் கல்லூரிக்கு விளையாட்டுப் புலமைப்பரிசிலில் போவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வன்னிப் பிள்ளைகளிடம் வெளியாட்கள் வந்து பேசினால் முதலில் கேட்பது இடம்பெயர்வுக் கதையைத்தான். இப்போது உயர்தரம் படிக்கிறவர்கள் பிறந்ததே 2008, 2009 வாக்கில். என்றாலும் வீட்டில் கேட்டதை வைத்து அழகாகச் சொல்லிவிடுவார்கள், அவ்வளவு பழக்கம். அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் தடகளப் பயிற்றுநருக்கு எழுதும்போது இந்தப் பழக்கம்தான் முதலில் காலை வாருகிறது. அவருக்குத் தெரியவேண்டியது எத்தனை மீற்றர், எந்தப் போட்டியில், பாடங்களில் என்ன பெறுபேறு என்பது மட்டும்தான். கதை பிறகு பேசிக்கொள்ளலாம். இந்த வழிகாட்டியில் வரும் எல்லாப் படிகளும் ஏதோ ஒரு விதத்தில் அந்த அளவுகளிலும் பெறுபேறுகளிலும்தான் போய் நிற்கும்.

நான் முப்பாய்ச்சல்காரன். கிளிநொச்சிப் பக்கம் வளர்ந்து, அமெரிக்காவில் இரண்டாம் பிரிவுக் கல்லூரி ஒன்றில் படித்து முடித்தவன். தடகளத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மற்ற விளையாட்டுகளுக்குப் பொருந்துவதை இடையிடையே சொல்கிறேன்.

பணம் தருகிறவர் எதற்காகத் தருகிறார்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பெரிய அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள். முதலாம், இரண்டாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்குப் புலமைப்பரிசில் தரும். மூன்றாம் பிரிவு தராது. ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் முதலாம் பிரிவில் இருந்தாலும் விளையாட்டுக்கென்று பணம் தருவதில்லை, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவும். இதற்கு வெளியே என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பில் சிறிய கல்லூரிகள் இருக்கின்றன. அவையும் புலமைப்பரிசில் தரும். என்.ஜே.சி.ஏ.ஏ. என்பது இரண்டு வருடக் கல்லூரிகளுக்கானது. அங்கே இரண்டு வருடம் ஓடிவிட்டு நான்கு வருடக் கல்லூரிக்கு மாறுகிறவர்கள் நிறையப் பேர்.

முதலாம் பிரிவு இல்லையென்றால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கத் தேவையில்லை. உயரம் பாய்தலில் 2021இல் 2.30 மீற்றர் தாண்டிய இலங்கை வீரர் உஷான் திவங்க, டெக்சாஸ் ஏ அன்ட் எம் கொமர்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அப்போது அது இரண்டாம் பிரிவுக் கல்லூரி.

பயிற்றுநர் உங்களுக்குப் பணம் தருவது புள்ளிக்காக. அந்தக் கல்லூரி சேர்ந்திருக்கும் கூட்டமைப்பின் (சில கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் போட்டி வைக்கும் 'கொன்ஃபரன்ஸ்') வருடாந்தப் போட்டியில் பொதுவாக முதல் எட்டு இடங்களுக்குப் புள்ளி உண்டு: 10, 8, 6, 5, 4, 3, 2, 1. உங்களால் அந்த எட்டுக்குள் வரமுடியுமா என்பதுதான் அவர் போடும் கணக்கு. அதை நீங்களே முன்கூட்டிப் போட்டுப் பார்க்கலாம். ரி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற தளத்தில் கல்லூரித் தடகளப் பெறுபேறுகள் கிடைக்கின்றன. ஒரு கூட்டமைப்பின் போன வருடப் போட்டியை எடுங்கள், உங்கள் நிகழ்ச்சியில் எட்டாவதாக வந்தவரின் அளவைப் பாருங்கள். உங்களுடையது அதற்குக் கிட்ட இருந்தால் அந்தக் கல்லூரிக்கு எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. வெகுதூரம் என்றால் அடுத்த கூட்டமைப்பைப் பாருங்கள். ஒரு பின்னேரம் இப்படி உட்கார்ந்து பார்த்தாலே யாருக்கு எழுதலாம் என்ற பட்டியல் கையில் வந்துவிடும்.

பெண் பிள்ளைகளுக்கு வாய்ப்பு கூட. 1972இல் வந்த டைட்டில் நைன் என்ற சட்டப்படி, அரச நிதி பெறும் கல்லூரிகள் விளையாட்டிலும் பெண்களுக்குச் சமவாய்ப்புத் தரவேண்டும். ஆண்களின் அமெரிக்கன் ஃபுட்போல் ஏராளமான இடங்களை எடுத்துக்கொள்வதால், மற்ற விளையாட்டுகளில் பெண்கள் பக்கம் ஈடு செய்கிறார்கள். பல வருடங்களாக முதலாம் பிரிவுத் தடகளத்தில் பெண்கள் அணிக்கு 18 முழுப் புலமைப்பரிசில், ஆண்களுக்கு 12.6 என்ற உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு அந்த முறை மாறி, அதை ஏற்ற கல்லூரிகளில் அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்திருக்கிறது. அதனால் பெரிய கல்லூரிகளில் இடம் இறுகியிருக்கிறது. இரண்டாம் பிரிவையும் என்.ஏ.ஐ.ஏ.யையும் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் ஊரில் பெயர்போன சில விளையாட்டுகளுக்கு அங்கே இடமே இல்லை. வலைப்பந்தாட்டம், எல்லே, கபடி, கிரிக்கெட் எதற்கும் என்.சி.ஏ.ஏ. போட்டி கிடையாது. வலைப்பந்து ஆடுகிற பிள்ளை என்றால் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா பக்கம் பாருங்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் அவுஸ்திரேலியக் கழகங்களுக்கு ஆடியவர். உதைபந்தாட்டம் இரு பாலாருக்கும் உண்டு. கரப்பந்து பெண்களுக்கு நிறைய, ஆண்களுக்குக் கொஞ்சம்.

எப்போது தொடங்குவது

சாதாரண தரம் எழுதி முடித்த கையோடு. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு பார்க்கலாம் என்று இருப்பதுதான் எங்கள் பிள்ளைகளில் பலரைக் கெடுக்கிறது.

முதலாம், இரண்டாம் பிரிவுகளில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. பள்ளிப் படிப்பு முடியவேண்டிய காலத்திலிருந்து பொதுவாக ஒரு வருட அவகாசம். அதற்குப் பிறகும் கல்லூரியில் சேராமல் ஒழுங்கமைக்கப்பட்ட போட்டிகளில் ஓடிக்கொண்டிருந்தால், கல்லூரியில் போட்டியிடக்கூடிய பருவங்கள் கழிந்துபோகலாம். இப்போது எங்கள் நடைமுறையை யோசித்துப் பாருங்கள். முதலில் உயர்தரப் பரீட்சை. பெறுபேறு வர மாதக்கணக்கு. சரியாக வரவில்லையென்றால் இரண்டாம் தடவை, அப்புறம் மூன்றாம் தடவை. இடையில் மாகாணப் போட்டி, தேசியப் போட்டி எல்லாவற்றிலும் ஓட்டம். பதக்கம் சேர்ந்துகொண்டே போகும், பருவம் குறைந்துகொண்டே போகும். விதிகள் அடிக்கடி திருத்தப்படுவதால், உங்கள் பிறந்த திகதியையும் பரீட்சை எழுதிய வருடங்களையும் சொல்லி, கல்லூரியின் விதிப்பொறுப்பு அலுவலரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். 'கொம்ப்ளயன்ஸ்' என்று ஒரு பிரிவு எல்லாக் கல்லூரியிலும் இருக்கும்.

அளவுகளை நம்பும்படி ஆக்குங்கள்

இல்ல மெய்வல்லுநர் போட்டியில் சுண்ணாம்புக் கோடு போட்ட புல்தரையில், கையில் பிடித்த மணிக்கூட்டில் 100 மீற்றர் 11.0 என்று வந்தால், அங்கே அதை 11.24 என்றுதான் பார்ப்பார்கள். கைநேரத்துக்கு 100, 200 மீற்றரில் 0.24 செக்கனும் 400 மீற்றரில் 0.14 செக்கனும் கூட்டுவது வழக்கம். காற்று அளவும் வேண்டும். 100, 200 மீற்றர், நீளம் பாய்தல், முப்பாய்ச்சல் எல்லாவற்றிலும் பின்காற்று செக்கனுக்கு 2.0 மீற்றருக்கு மேல் போனால் அது சாதனைக் கணக்கில் சேராது. ஆகவே வருடத்தில் ஒரு தடவையாவது இலத்திரனியல் நேரக்கணிப்பும் காற்றுமானியும் உள்ள போட்டியில் ஓடியிருக்கவேண்டும்: அகில இலங்கைப் பாடசாலை விளையாட்டு விழா, சேர் ஜோன் டாபட், கனிஷ்ட தேசியப் போட்டி. சுகததாசவிலோ தியகமவிலோ நடந்தால் செயற்கை ஓடுபாதை. அந்த அளவுதான் வெளியே செல்லுபடியாகும். முல்லைத்தீவிலிருந்து இரவு பஸ் ஏறி விடிய இறங்கி அன்றே ஓடுவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருநாள் முந்திப் போகப் பழைய மாணவர் சங்கத்திடம் காசு கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எறிகிறவர்கள் நிறையையும் எழுதவேண்டும். 20 வயதுக்குட்பட்ட ஆண்களின் குண்டு 6 கிலோ. கல்லூரியில் 7.26 கிலோ. நிறை எழுதாமல் தூரத்தை மட்டும் எழுதினால் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாமலே அவர் அடுத்த மின்னஞ்சலுக்குப் போய்விடுவார். தடை தாண்டுகிறவர்களும் அப்படித்தான், உயரம் போடுங்கள்.

காணொளி போனிலேயே எடுக்கலாம். பாய்கிறவர் என்றால் பலகைக்கு நேர் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று, ஓடத் தொடங்குவதிலிருந்து மணலில் விழுந்து எழும்பும்வரை வெட்டாமல். பாட்டுப் போடவேண்டாம். அண்ணன்மார் ஆசையோடு வேகம் குறைத்து, பின்னணி இசை போட்டு, பெயரை நெருப்பு எழுத்தில் பறக்கவிடுவார்கள். கல்யாண வீட்டு வீடியோ மாதிரி வரும். பயிற்றுநர் பார்ப்பது கடைசி இரண்டு அடியையும் இடுப்பின் உயரத்தையும்தான்.

தாள்கள்

என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிந்தால் 9ஆம் ஆண்டு முதலான கல்விப் பதிவுகளைக் கேட்பார்கள். மூலப்பிரதியும் வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். 16 அடிப்படைப் பாடங்களில் முதலாம் பிரிவுக்கு நான்குக்குச் சராசரி 2.3, இரண்டாம் பிரிவுக்கு 2.2 தேவை. சாட், ஏ.சி.ரி. என்ற அமெரிக்கக் கல்லூரி அனுமதிப் பரீட்சைகள் 2023 முதல் இந்தத் தகுதிக்குத் தேவையில்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்குத் தனியாகக் கேட்கலாம்.

இதில் எங்களுக்குச் சிக்கல் 9ஆம், 10ஆம் ஆண்டுத் தேர்ச்சி அறிக்கைகள். மாரியில் வெள்ளம் வந்து வீட்டுக்குள் ஏறினால் முதலில் நனைவது அலுமாரியின் கீழ்த்தட்டு. அங்கேதான் இவை கிடக்கும். இன்றைக்கே போனில் படம் எடுத்துத் தரவேற்றி வையுங்கள். தொலைந்துபோனால் பாடசாலைப் புள்ளிப் பதிவேட்டிலிருந்து அதிபரின் கையெழுத்து, முத்திரையோடு ஒரு பிரதி எடுக்கலாம். அதிபர் மாறுவதற்கு முன்னமே கேளுங்கள்.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பரீட்சைப் பெறுபேற்றில் முதலெழுத்தோடு வேறொன்று, கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக. எங்களுக்கு இது சாதாரணம். அங்கே அது மூன்று ஆட்கள். கடவுச்சீட்டில் என்ன இருக்கிறதோ அதையே தகுதி மையம், கல்லூரி விண்ணப்பம், ஆங்கிலப் பரீட்சை எல்லாவற்றிலும் எழுத்துப் பிசகாமல் போடுங்கள். பிறப்புச் சான்றிதழில் திருத்தம் இருந்தால் கடவுச்சீட்டுக்கு முதலே பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் முடியுங்கள். கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை, வவுனியாவிலும், 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

ஆங்கிலத்துக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ்., டோஃபல், டுவோலிங்கோ மூன்றில் கல்லூரி எதை ஏற்கிறதோ அது. டுவோலிங்கோவை வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் இணைப்பு அறுந்தால் பரீட்சை போய்விடும். மின்வெட்டு இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத அறை தேடுங்கள்.

பயிற்றுநருக்கு எழுதும் மின்னஞ்சல்

தலைப்பிலேயே எல்லாம் தெரியவேண்டும்: சேரும் ஆண்டும் மாதமும், நிகழ்ச்சி, அளவு, நாடு. உள்ளே முதல் வரியில் அளவு, போட்டி, திகதி, காற்று. அடுத்து உயரம், நிறை, பிறந்த வருடம். பிறகு சாதாரண தரப் பெறுபேறு, உயர்தரப் பிரிவு, ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி. காணொளி இணைப்பு. கடைசியில் அந்த அணியைப் பற்றி ஒரு வரி, அதுவும் உண்மையாக: 'உங்கள் முப்பாய்ச்சல்காரர் இருவரும் இந்த வருடம் படிப்பை முடிக்கிறார்கள் என்று பார்த்தேன்' என்பது போல. இந்த ஒரு வரி ஐந்து பத்தி உருக்கத்தை விட வேலை செய்யும். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொற்பாதங்களில்' பாணி வேண்டாம். 'கோச்' என்று போட்டு அவரின் கடைசிப் பெயரை எழுதினால் போதும்.

கோடை நேரத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரை எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். கிளிநொச்சியில் மாலை 6.30க்கு அனுப்பினால் அங்கே காலை 9 மணிக்கு அவரின் மின்னஞ்சல் பெட்டியில் மேலே நிற்கும். பதில் வராவிட்டால் அளவு முன்னேறியதும் மீண்டும் எழுதுங்கள்.

இடைத்தரகர்கள் வருவார்கள். கிடைக்கும் புலமைப்பரிசிலில் இத்தனை வீதம் எங்களுக்கு என்று யாராவது சொன்னால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். அப்படி வீதக் கணக்கில் பணம் வாங்குவது என்.சி.ஏ.ஏ. விதிக்கே முரண், உங்கள் தகுதியே போய்விடும். ஊரில் கழகங்கள் தரும் பணப்பரிசுகளும் இப்படித்தான். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், வாங்கியதை மறைக்காதீர்கள்.

காசுக் கணக்கு

தடகளத்தில் முழுப் புலமைப்பரிசில் குறைவு, பகுதிதான் அதிகம். 'ஸ்கொலர்ஷிப் கிடைச்சிட்டுது' என்று ஊரில் சொல்வதற்கு முன் மீதி எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கல்லூரியில் வருடச் செலவு 38,000 டொலர், அவர்கள் தருவது 24,000 என்று வைப்போம். மீதி 14,000. டொலர் 300 ரூபா என்றால் 42 இலட்சம், அதுவும் ஒரு வருடத்துக்கு. வயல் விற்றுக் கட்டுகிற காசு இல்லை இது. இந்த இடத்தில் பயிற்றுநரிடம் கேட்கவேண்டிய கேள்வி: விளையாட்டுப் பணத்தோடு கல்விக்கான புலமைப்பரிசிலையும் சேர்க்கமுடியுமா? பல சிறிய கல்லூரிகளில் முடியும். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு இங்கே நேரே டொலராகிறது.

பலர் சொல்லாத ஒன்று வரி. படிப்புக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் தரும் பகுதிக்கு வரி இல்லை. இருப்பிடம், சாப்பாட்டுக்குத் தருவதற்கு உண்டு. எஃப்-1 என்ற மாணவர் வீசாக்காரருக்குப் பொதுவாக 14 வீதம் பிடிப்பார்கள். 11,000 டொலர் என்றால் 1,540. அதைக் கல்லூரி உங்கள் கணக்கில் கடனாக எழுதி வைத்திருக்கும். முதல் தவணையிலேயே வரும், ஆயத்தமாக இருங்கள். வருடா வருடம் 1040-என்.ஆர். என்ற வரிப் படிவமும் நிரப்பவேண்டும்.

வீசா

கல்லூரி ஐ-20 என்ற அனுமதிப் படிவத்தைத் தரும். அதற்கு மீதிக் காசுக்கு ஆதாரம் கேட்பார்கள். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமா சித்தப்பாவின் வங்கிக் கூற்றும் பொறுப்புக் கடிதமும் செல்லும். பிறகு செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக் கட்டணம் 350 டொலர், டி.எஸ்.-160 என்ற வீசா விண்ணப்பப் படிவம், வீசாக் கட்டணம் 185 டொலர், கொழும்பில் நேர்முகம். 2025 ஜூனிலிருந்து மாணவர் வீசாவுக்கு விண்ணப்பிப்போர் சமூக வலைத்தளக் கணக்குகளைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

நேர்முகத்தில் கேட்பது சுருக்கமாக இருக்கும்: ஏன் இந்தக் கல்லூரி, என்ன படிக்கப்போகிறாய், யார் செலவு, முடித்துவிட்டு என்ன. வெளிநாட்டில் உறவினர் இருப்பதை மறைக்கவேண்டாம், வன்னியில் யாருக்குத்தான் இல்லை. படிப்பைப் பற்றிப் பேசத் தெரியவேண்டும். முப்பாய்ச்சல் மட்டும் பேசிவிட்டு, பாடம் என்ன என்று கேட்டால் விழிப்பவரை யாரும் மாணவர் என்று நம்பமாட்டார்கள்.

தடுப்பூசிப் பதிவைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் ஆங்கிலத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்குத் தோல் பரிசோதனை செய்தால், நாங்கள் பிறந்தவுடன் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்கள் என்பதால் நோய் இல்லாமலே இருக்கிறதென்று காட்டிவிடக்கூடும். இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பெண் பிள்ளையின் வீட்டில் இந்தக் கட்டத்தில்தான் அந்தக் கேள்வி வரும்: "தனியப் பொம்பிளைப் பிள்ளையை எப்பிடி விடுறது?" அறிவுரை சொல்லிப் பயனில்லை. பயிற்றுநரோடு வட்ஸ்அப்பில் அம்மாவைப் பேசவைக்கக் கேளுங்கள். விடுதி அறையையும் கூட இருக்கப்போகும் பிள்ளைகளையும் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான பயிற்றுநர்கள் சந்தோசமாகச் செய்வார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு

விதிப்படி பருவகாலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம், நாளுக்கு 4 மணித்தியாலம், ஒருநாள் ஓய்வு. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போட்டி நாள் எவ்வளவு நீண்டாலும் 3 மணித்தியாலமாகத்தான் கணக்கு, பஸ் பயணம் கணக்கிலேயே வராது. வெள்ளி மத்தியானம் ஏறி ஞாயிறு விடிய இறங்குவீர்கள், திங்கள் காலை வீட்டுப்பாடம் கொடுக்கவேண்டும். பஸ்ஸில் படிக்கப் பழகவேண்டும். போட்டியால் வகுப்புத் தவறும் நாட்களைத் தவணை தொடங்கியதும் விரிவுரையாளரிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு போய்ச் சொன்னால் சாக்கு என்று நினைப்பார்கள். ஒரு தவணைக்கு எடுக்கும் பாடங்கள் 12 கிரெடிட்டுக்கு (பாட அலகு) கீழே போகவே கூடாது. விளையாட்டுத் தகுதியும் வீசாவும் ஒன்றாகப் போகும்.

உடம்பு சொல்வதைச் சொல்லுங்கள். நோவை மறைத்து, எண்ணெய் தடவிக்கொண்டு ஓடுவது எங்களுக்குள் வீரம். அங்கே அணிக்கென்று காயம் பார்க்கிறவர் இருக்கிறார், அவருடைய வேலையே அதுதான். செம்மண்ணிலும் புல்லிலும் ஓடிய காலுக்குச் செயற்கைப் பாதை கடினம். முதல் மாதம் கணைக்காலின் முன்பக்கம் நோகத் தொடங்கினால் அன்றே போங்கள். சப்பாத்தில் புல்லுக்குப் போட்ட நீளமான ஊசிகளைக் கழற்றிவிடுங்கள், அங்கே பெரும்பாலும் கால் அங்குலம்தான் அனுமதி. ஊரிலிருந்து கொண்டுபோன மருந்துச் சூரணம், உடம்பு ஏற்றும் மா எதையும் அவரிடம் காட்டாமல் வாயில் போடாதீர்கள். ஊக்கமருந்துப் பரிசோதனையில் 'அம்மம்மா தந்தது' என்ற விளக்கம் எடுபடாது.

டிசம்பரிலிருந்து மார்ச்வரை உள்ளரங்கப் பருவம். 200 மீற்றர் வட்டம், 100க்குப் பதில் 60 மீற்றர். ஈட்டிக்காரருக்கு அந்த மாதங்களில் போட்டியே இல்லை, பாரம் தூக்கும் அறைதான். குளிர், இருட்டு, தைப்பொங்கல் எல்லாம் இந்த இடைவெளியில்தான் வரும். மனம் சோரும் காலம் இது. கல்லூரிகளில் ஆலோசகர் இலவசம். போய்ப் பேசுவதைப் பைத்தியம் என்று அங்கே யாரும் சொல்லமாட்டார்கள், வீட்டுக்கும் சொல்லத் தேவையில்லை.

சாப்பாட்டில் மிளகாய்த்தூள் ஒரு பொதி பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். கருவாட்டை விடுதியில் பொரிக்க முயலவேண்டாம். புகை மணி அடித்தால் முழுக் கட்டடமும் பனியில் வந்து நிற்கும், எல்லாருக்கும் உங்கள் பெயர் தெரிந்துவிடும்.

எஃப்-1இல் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணித்தியாலம்வரை வேலை செய்யலாம். விளம்பரம், அனுசரணை என்று அமெரிக்க வீரர்கள் சம்பாதிப்பதைப் பார்த்து நீங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளாமல் செய்தால் வீசாவுக்கு ஆபத்து.

கடைசியாக, உங்கள் புலமைப்பரிசில் கடிதம் ஒரு வருடத்துக்கா, நான்கு வருடத்துக்கா என்று கையெழுத்து வைக்கும்போதே பாருங்கள். ஒரு வருடத்துக்கு என்றால், அடுத்த வருடம் புதுப்பிக்கிறார்களா இல்லையா என்பதை என்.சி.ஏ.ஏ. கல்லூரிகள் ஜூலை 1க்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். குறைத்தாலோ நிறுத்தினாலோ மேன்முறையீடு செய்ய உரிமை உண்டு. அது பயிற்றுநரிடம் போகாது, கல்லூரியின் நிதியுதவிப் பிரிவு சார்ந்த குழுவிடம் போகும். கடிதத்தில் காலக்கெடு போட்டிருப்பார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தாலும் ஜூலை முதல் கிழமை மின்னஞ்சலைப் பார்க்காமல் இருக்கவேண்டாம்.